லாசாலில் நாங்கூழ் வழங்கிய வரலாறு

மனிதனுக்கும் மண்ணுக்கும் இடையே அறுந்துபோயிருந்த உறவு, 2006ஆம் ஆண்டு மார்ச் மாதம் பதினோராந் திகதி சனிக்கிழமை, பின்னேரம் ஏழு மணி பத்து நிமிடத்துக்கு, மொன்றியல் லாசாலில் ஒரு தேவாலயத்தின் நிலவறையில் வைத்து மீண்டும் ஒட்டப்பட்டது. ஐந்து மணிக்கே ஒட்டியிருக்க வேண்டியது. தலைவர் வரப் பிந்திவிட்டது.

தலைவர் ஞானேந்திரன் பதினான்கு வருடங்களாக ஒரு தொழிற்சாலையில் உறைந்த பீற்சாக்களைப் பெட்டியில் அடுக்கிவருபவர். 'லாசால் தமிழ்க் குடும்ப இயற்கைக் கல்விக் கழகம்' அவரைப் போட்டியின்றித் தெரிவுசெய்ததற்குத் தகுந்த காரணம் இருந்தது. அவருக்கு 'இல்லை' என்று சொல்ல வராது. இரண்டு பேர் முரண்பட்டால், கடைசியாகப் பேசியவர் பக்கம் நிற்பார். இதனால் கழகத்தில் பிளவு வரவில்லை. எல்லோரும் கடைசியாகப் பேச விரும்பியதால் கூட்டங்களும் முடியவில்லை. இயற்கையோடு அவருக்கு நெருங்கிய தொடர்பு உண்டு. ஒவ்வொரு கோடையிலும் பூங்காவில் ஒரு மரத்தின் கீழ் நின்று படம் எடுப்பார்.

அன்றைய கூட்டத்தின் விடயம், வட்டாரச் சுற்றுச்சூழல் நிலையத்திலிருந்து வந்த ஒரு கடிதம். அது பிரெஞ்சில் இருந்தபடியால் தலைவரின் ஒன்பது வயது மகள் றொஷினி அதை வாசித்துத் தமிழாக்கினாள். வீட்டுக்கு வருகிற மின்சாரக் கடிதம் முதல் வரிக் கடிதம்வரை அவள்தான் வாசிப்பாள். நிலையத்தின் ஆசிரியை மதாம் மிரெய் பத்துத் தமிழ்க் குடும்பங்களுக்குப் பத்துப் பெட்டி மண்புழு இலவசமாகத் தருவாராம். குசினிக் கழிவைப் போட்டால் புழு தின்று பசளையாக்கிவிடும். பிள்ளைகளும் பெற்றோரும் சேர்ந்து வளர்த்துப் படிக்கலாம்.

"எங்களுக்கு ஒரு பெட்டி, அப்பா," என்றாள் றொஷினி. "எங்கட வகுப்பில ஒண்டு இருக்கு. நான்தான் சாப்பாடு போடுறனான்."

"ஓம், ஓம். உனக்கு இல்லாமலோ," என்றார் தலைவர். வாக்குக் கொடுப்பது அவருக்கு மூச்சு விடுவதுபோல.

பின்னர் கூட்டம் முக்கியமான விடயத்துக்குப் போனது. புழுவின் பெயர்.

"மண்புழு வழங்கும் விழா எண்டு நோட்டிஸ் அடிப்பம்," என்றார் உபதலைவர் யோகராசா.

செயலாளர் சிவநேசம் எழுந்தார். பகலில் பொதிகள் பிரிக்கும் களஞ்சியத்தில் வேலை. மற்ற நேரமெல்லாம் தமிழைத் தூய்மை செய்வது. "புழு எண்டா சனம் அருவருக்கும். நாங்கூழ் எண்டு போடுவம். பழந்தமிழ்ச் சொல்."

"எந்த ஊரில சொல்லுறவை?"

"ஒரு ஊரிலயும் சொல்லுறேல்லை. அதுதான் தூய்மை."

"ஒருத்தருக்கும் விளங்காதே, அண்ணை?"

"விளங்குற சொல்லைப் போட ஒரு கழகம் தேவையோ?"

கடைசியாகப் பேசியவர் சிவநேசம். ஆகவே தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது.

நோட்டிஸ் அழகாக வந்தது. பாதிப் பக்கத்தில் தலைவரின் படம், மரத்தோடு. 'தோல், தும்பு போன்ற குசினிக் கழிவுகளை மூடியுள்ள பாத்திரத்தில் கொண்டு வரவும்' என்று மதாம் மிரெய் கேட்டிருந்தார். படம் பிடித்த இடம் போக மிச்ச இடத்தில் அவ்வளவும் அடங்கவில்லை. ஆகவே நோட்டிஸ் இப்படி அமைந்தது: 'புவி தினத்தை முன்னிட்டு மாபெரும் நாங்கூழ் வழங்கும் விழா! குடும்பமாக வருக! அனுமதி இலவசம்! மூடியுள்ள பாத்திரம் கொண்டு வரவும்!'

தமிழ்க் கடைகளின் கதவுகளில் ஒட்டப்பட்ட அந்த நோட்டிஸை மொன்றியல் தமிழ்ச் சமூகம் கவனமாக வாசித்தது. 'நாங்' என்பதை அச்சுப்பிழை என்று பெருந்தன்மையோடு மன்னித்தது. 'கூழ்' என்பதை, நண்டும் இறாலும் போட்டு உறைப்பாகக் காய்ச்சுகிற ஊர்க் கூழ் என்றே மனதில் பதித்துக்கொண்டது.

ஏப்ரல் இருபத்திரண்டாம் திகதி காலையில் நாற்பது கதிரை போட்டு வைத்திருந்த நிலவறைக்கு, தலைவரின் குடும்பத்தோடு சேர்த்து, எண்பத்துமூன்று குடும்பங்கள் வந்தன. செயின்ட்-மிஷேலிலிருந்து மெட்ரோவில் சட்டியை மடியில் வைத்துக்கொண்டு வந்தவர்கள், ரொக்ஸ்பரோவிலிருந்து ரயிலில் வந்தவர்கள், அலுமினியப் பானை, ஐஸ்கிறீம் வாளி, பிள்ளையின் சாப்பாட்டுப் பெட்டி. இயற்கைக் கல்வி மீது எம்மவருக்கு இருந்த தாகத்தைக் கண்டு தலைவரின் நெஞ்சு விம்மியது. தாகத்துக்குக் காரணம் அவருக்கு இன்னும் தெரியாது.

வாசலில் புஷ்பவதி அக்கா அவரைப் பிடித்துக்கொண்டார். கையில் அகப்பையும் இருந்தது.

"தம்பி, பெரிய புண்ணியம். இந்தக் குளிருக்கு இதுதான் வேணும். எத்தினை மணிக்குக் குடுப்பியள்?"

"மதாம் பேசி முடிய, அக்கா. எல்லாம் உயிரோட வந்து இறங்கியிருக்கு."

"உயிரோடையோ!" அக்காவின் முகம் மலர்ந்தது. "அப்ப நண்டு. இறால் எனக்கு ஒத்துக்கொள்ளாது. உறைப்புப் போட்டதோ?"

"உறைப்புப் போடக் கூடாதாம், அக்கா. செத்துப்போகுமாம்."

அக்கா ஒரு கணம் யோசித்தார். வெள்ளைக்காரரும் வருவதால் உறைப்பைக் குறைத்திருக்கிறார்கள் என்று தெளிந்து உள்ளே போனார்.

மதாம் மிரெய் மேடையேறினார். நரைத்த தலைமயிர், சேறு பிடித்த சப்பாத்து, கண்ணில் நல்லெண்ணம். எதிரே முந்நூறு முகங்களையும் குடும்பத்துக்கு ஒரு பாத்திரத்தையும் கண்டு அவருடைய குரல் தளதளத்தது. றொஷினி பக்கத்தில் நின்று மொழிபெயர்த்தாள்.

"இருபது வருசமா இந்த வேலை செய்யிறாவாம். பத்துக் குடும்பம் வந்தாலே பெரிசாம். இப்பிடி எல்லாரும் சொந்தப் பாத்திரத்தோட வந்ததை எங்கையும் காணேல்லையாம். மதாம் அழுறா. சந்தோசமாம்."

பெருங் கைதட்டல். பிறகு மதாம் முதலாவது பெட்டியின் மூடியைத் திறந்து, ஈரப் பத்திரிகைத் துண்டுகளுக்குள்ளிருந்து ஒரு பிடி அள்ளி, சபைக்கு உயர்த்திக் காட்டினார். அது நெளிந்தது.

நிலவறையில் அப்படியொரு அமைதி அதற்கு முன் இருந்ததில்லை, பூசை நேரத்திலும்.

"தம்பி," என்றார் புஷ்பவதி அக்கா, "கூழ் எங்கை?"

"இதுதான் அக்கா, நாங்கூழ்."

சபை கொதித்தது. ரொக்ஸ்பரோவிலிருந்து மூன்று தரம் மாறி வந்தவர் ஒருவர், புழுவைக் காட்டவோ எங்களைக் கூப்பிட்டது என்று கதிரையில் ஏறி நின்று கேட்டார். பழந்தமிழ்ச் சொல்லின் வரலாற்றை விளக்க எழுந்த செயலாளர், ஒரு சட்டி மூடி பறந்து வரக் கண்டு மறுபடி அமர்ந்தார். மதாம் மிரெய் திகைத்து, எல்லோரும் என்ன சொல்கிறார்கள் என்று கேட்டார்.

இந்த இடத்தில்தான் தலைவரின் தலைமைத்துவம் வெளிப்பட்டது. உண்மையைச் சொன்னால் மதாமின் முகம் வாடும். பத்திரிகைக்குப் படம் எடுக்க வந்தவனும் போய்விடுவான்.

"சொல்லு பிள்ளை," என்றார் மெதுவாக. "எல்லாருக்கும் வேணுமாம் எண்டு சொல்லு."

"அவை அப்பிடிச் சொல்லேல்லையே, அப்பா."

"நீ சொல்லு."

றொஷினி சொன்னாள். மதாமின் கண் மறுபடியும் நிறைந்தது. பத்துப் பேருக்கென்ற விதியை அவர் அந்தக் கணமே தளர்த்தினார். பத்துப் பெட்டியும் மேசையில் கொட்டப்பட்டு, எண்பத்துமூன்று பங்காகப் பிரிக்கப்பட்டது. சனமும் கோபத்தை அடக்கி வரிசையில் நின்றது. இலவசம் என்று வந்த இடத்திலிருந்து வெறும் பாத்திரத்தோடு திரும்புவது எங்கள் மரபல்ல. புஷ்பவதி அக்கா தன் பங்கை அகப்பையாலேயே வாங்கினார்.

எண்பத்திரண்டு பங்கு போனதும் மேசையில் ஒரு பிடி மிஞ்சியது. அது றொஷினியுடையது. அந்த நேரம் பார்த்து, பிந்தி வந்த ஒரு குடும்பம் வாளியோடு வாசலில் நின்றது. தலைவர் மகளைப் பார்த்தார், படக்காரனைப் பார்த்தார், மிஞ்சிய பிடியை அள்ளி வாளிக்குள் போட்டார்.

"தலைவரின்ர பிள்ளை முன்மாதிரியா இருக்க வேணும்," என்றார். படம் நன்றாக வந்தது.

றொஷினி ஈரக் கடதாசி மட்டும் கிடந்த ஒரு வெறும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு தாயோடு நடந்தாள். அன்றிலிருந்து மொழிபெயர்ப்பும் நின்றது. வீட்டுக்கு வந்த கடிதங்கள் குளிர்சாதனப் பெட்டியின் மேல் குவிந்தன. பாடசாலையிலிருந்து வந்த ஒன்றைத் தனக்கு வந்த பாராட்டு அழைப்பு என்று தலைவர் கணித்து, கோட்டும் கழுத்துப்பட்டியும் அணிந்து போய் நின்றார். பிள்ளைகளின் தலையில் பேன் பார்க்கச் சொல்லி அனுப்பிய கடிதம் அது.

"ஒரு சொல்லு மன்னிப்புக் கேட்டா என்ன?" என்றாள் மனைவி அக்னெஸ்.

"கேக்கலாம். ஆனா தலைவர் எண்ட முறையில…"

"நான் தலைவரைக் கேக்கேல்லை. தகப்பனைக் கேக்கிறன்."

 கடைசியாகப் பேசியவள் அக்னெஸ் என்றாலும், வீட்டில் அந்த விதியை அவர் அமுல்படுத்துவதில்லை.

யூன் மாதத்தில் கழகம் பதினான்கு பக்க அறிக்கை ஒன்றை வெளியிட்டது. எழுதியவர் சிவநேசம். சுற்றுச்சூழல் பற்றி இதைவிட நாகரிகமான ஓர் ஆவணம் எந்த மொழியிலும் இருக்கும் என்று தோன்றவில்லை. கழிவறைக்குள் ஊற்றப்பட்ட நாற்பத்தொரு பங்கும் 'இயற்கையோடு இணைந்தவை'. பால்கனியில் வைத்து ஏப்ரல் பனியில் விறைத்துப்போன இருபத்தாறும் 'காலநிலைப் பயிற்சிக்கு உட்படுத்தப்பட்டவை'. உபதலைவர் யோகராசா தன் பங்கைக் கொண்டுபோய் ஆற்றங்கரையில் தூண்டில் போட்டு மூன்று மீன் பிடித்தது 'நீர்வாழ் உயிரினக் கல்வி'. மிகுதிப் பதினைந்தும் 'ஏனையவை'. முடிவுரையில் திட்டம் நூறு வீத வெற்றி என்றிருந்தது. றொஷினி வேலைநிறுத்தத்தில் இருந்ததால் அறிக்கை தமிழிலேயே மதாமுக்கு அனுப்பப்பட்டது. மதாமுக்கு அதில் விளங்கியவை படங்களும் 83 என்ற எண்ணும் மட்டும்தான். அதுவே போதுமாயிருந்தது.

ஓகஸ்ட் கடைசியில் பதில் வந்தது. அக்னெஸ் தன் வேலையிடத்தில் ஒரு பெண்ணிடம் கொடுத்து வாசிப்பித்தாள். செப்ரெம்பர் பதினாறாம் திகதி மதாம் மிரெய் நகர அதிகாரிகளோடும் படப்பிடிப்பாளரோடும் வருகிறார். இந்தக் கழகத்தையே முழு நகருக்கும் மாதிரியாகக் காட்டப் போகிறார்கள். ஒரேயொரு பெட்டியை, உயிருள்ள பெட்டியை, பார்த்தால் போதுமாம்.

அவசரக் கூட்டம் கூடியது. எண்பத்துமூன்று வீட்டுக்கும் தொலைபேசி எடுத்தார்கள்.

"அதுகள் போயிட்டுதுகள் தம்பி," என்றார் புஷ்பவதி அக்கா. "நல்ல சாவு. முப்பத்தொராம் நாள் கிரியை மட்டும் செய்யேல்லை."

மற்ற வீடுகளின் செய்தியும் அதுதான், சொல்லியவிதம்தான் வேறு.

"சந்தியில இருக்கிற டெப்பனூர்க் கடையில புழு விக்குது," என்றார் யோகராசா. "பால் வைக்கிற குளிர்பெட்டிக்குப் பக்கத்தில. நான் வாங்குறனான்."

தலைவர் நேரே போய் நான்கு டப்பா எடுத்து வைத்தார். கடைக்காரர் சிநேகமாக, மீன் பிடிக்கவா என்று கேட்டார். "இல்லை," என்றார் தலைவர், தனக்குத் தெரிந்த பிரெஞ்சில், பெருமையோடு. "கல்விக்கு."

குசினி மேசையில் டப்பாக்களைத் திறந்தபோது றொஷினி தண்ணீர் குடிக்க வந்தாள். எட்டிப் பார்த்தாள். ஐந்து மாதத்தில் முதல் தடவையாகத் தகப்பனோடு தானாகக் கதைத்தாள்.

"இது வேற புழு. தூண்டில் புழு. இது ஆழத்தில இருக்கிறது, பெட்டிக்குள்ள இருக்காது. மதாம் கண்டவுடனை சொல்லிப்போடுவா."

ஞானேந்திரன் கதிரையில் இருந்துவிட்டார். நகர அதிகாரிகள், படக்காரர்கள், முழு மொன்றியலும் கண்முன்னே வந்து போயின. அவரைப் பார்க்க அக்னெஸுக்கே பாவமாயிருந்தது. மகளின் முகத்தைப் பார்த்தாள். றொஷினி கொஞ்சம் யோசித்துவிட்டுத் தலையாட்டினாள்.

"இஞ்ச பாருங்கோ," என்று அக்னெஸ் சிங்குக்குக் கீழே இருந்த கதவைத் திறந்தாள்.

அந்த வெறும் பெட்டி அங்கே இருந்தது. மூடியைத் தூக்கியதும் மழை பெய்து ஓய்ந்த மண் மணம் வந்தது. மரக்கறித் தோலுக்கும் தேயிலைத் தூளுக்கும் இடையே சிவந்த புழுக்கள், நூற்றுக்கணக்கில்.

"எப்பிடி? நான் எல்லாத்தையும் குடுத்திட்டனே?"

"முட்டை இருந்தது," என்றாள் றொஷினி. "அந்தக் கடதாசிக்குள்ள. சின்னன், மஞ்சள், எலுமிச்சம்பழம் மாதிரி. பதினெட்டு. நான் எண்ணினனான். முதல் கொஞ்ச நாள் ஒண்டும் வரேல்லை. அம்மா எறியச் சொல்லேல்லை."

அவர் பெட்டியருகே குந்தியிருந்து வெகுநேரம் பார்த்தார். ஏதோ சொல்ல வேண்டும்போல் இருந்தது.  ஆனால் பதவி என்பது பெரிய பொறுப்பு.

"இதைக் கழகத்துக்குத் தருவியோ, பிள்ளை? ஒரு நாளைக்கு."

"தாறன். ஆனா ஆர் வளத்தது எண்டு மதாம் கேட்டா நான் பொய் மொழிபெயர்க்க மாட்டன்."

"ஓம், ஓம்," என்றார் தலைவர். 'கொள்கையளவில்' என்று மனதுக்குள் சேர்த்துக்கொண்டார்.

செப்ரெம்பர் பதினாறாம் திகதி நிலவறை தோரணங்களால் நிறைந்தது. இம்முறை நோட்டிஸில் 'மண்புழு' என்றே போட்டிருந்தும் சனம் வந்தது. ஒரு பக்கத்தில் உண்மையாகவே கூழ் காய்ச்சினார்கள். மேடையில் பட்டுத்துணி விரித்த மேசைமேல் பெட்டி. அதன் மேல் பலகை: 'கழகத்தின் மாதிரிப் பெட்டி. எண்ணமும் வளர்ப்பும்: நிர்வாகக் குழு'. பின்னால் நிர்வாகக் குழு பதினொரு பேரும், நெஞ்சில் ரிபன் பூ குத்தி, வரிசையாக.

மதாம் மிரெய் பெட்டியைத் திறந்தார். கையைவிட்டுக் கிளறினார். முகர்ந்தார். கண் விரிந்தது. அதிகாரிகளைக் கூப்பிட்டுக் காட்டினார். பிறகு றொஷினியிடம் ஏதோ கேட்டார்.

"ஆர் வளத்தது எண்டு கேக்கிறா," என்றாள் றொஷினி, தகப்பனைப் பார்த்து.

முன்வரிசையில் அக்னெஸ் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தாள். ஞானேந்திரன் வாயைத் திறந்தார். மகளின் பெயர் நாக்கின் நுனியில் நின்றது. பக்கத்திலிருந்து சிவநேசம் குனிந்து, காதுக்குள் சொன்னார்: "கழகம்."

கடைசியாகப் பேசியவர் அவர்தான்.

"கழகம்," என்றார் தலைவர்.

றொஷினி ஒரு கணம் அவரையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு மதாமின் பக்கம் திரும்பி, அப்பா கழகம் என்று சொல்கிறார் என, சொன்னது சொன்னபடி மொழிபெயர்த்தாள். அதில் ஒரு பொய்யும் இல்லை. மதாம் இருபது வருடம் பிள்ளைகளுக்குப் படிப்பித்தவர். பிள்ளையின் நகக்கண்ணில் இருந்த கறுத்த மண்ணைக் கண்டார். ரிபன் பூக்களையும் பார்த்தார். கேள்வியை மாற்றினார். புழுவைப் பற்றி நீ என்ன படித்தாய்?

றொஷினி பிரெஞ்சில் தொடங்கினாள். "தமிழில சொல்லு, பிள்ளை!" என்று அதட்டினார் சிவநேசம். "தமிழ்க் கழகமெல்லோ!"

அவள் சொற்களைத் தேடித் தேடிச் சொன்னாள்.

"புழுவுக்குக் கண் இல்லை."

சபை தட்டியது.

"காதும் இல்லை."

இன்னும் பலமாகத் தட்டியது. றொஷினி அடுத்த சொல்லுக்காகத் தடுமாறி, தன் முதுகின் நடுவில் தொட்டுக் காட்டி, தாயைப் பார்த்தாள்.

"முதுகெலும்பு," என்றாள் அக்னெஸ், எழுந்து நின்று, எல்லோருக்கும் கேட்கும்படியாக.

"ஓம். முதுகெலும்பும் இல்லை." சிவநேசம் கூட்டக் குறிப்பில் 'அருமை' என்று எழுதினார். றொஷினி திரும்பி, பின்னால் ரிபன் பூக்களோடு இருந்த பதினொரு பேரையும் ஒரு கரையிலிருந்து மறுகரைவரை பார்த்தாள். கண் கடைசியாகத் தகப்பனில் வந்து நின்றது.

"ஆனா," என்றாள், "புழு வேலை செய்யும்."

முதலில் கைதட்டியவர் தலைவர். பழக்கதோசம். மூன்றாவது தட்டில் அவருக்கு விளங்கியது. கையை நிறுத்தினார். ஆனால் அதற்குள் சபை முழுவதும் எழுந்து நின்று தட்டிக்கொண்டிருந்தது, நிர்வாகக் குழுவையே பார்த்து.